கருவிழி கொடுத்தவரை எந்தக் குறியீட்டில் எழுதுவது?

அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நோய், எதற்காக வந்தார் என்பதெல்லாம் ஐசிடி-10-சிஎம் என்ற பட்டியலில் இருந்து ஒரு குறியீடாக மாறிவிடும். காப்பீட்டுக்காரர்கள் பணம் கொடுப்பதும் மறுப்பதும் பெரும்பாலும் அதை வைத்துத்தான். கருவிழி, அதாவது கண்ணின் முன்புறத்தை மூடும் தெளிந்த படலமான கார்னியா கொடுப்பவருக்கும் அதில் ஒரு குறியீடு இருக்கிறது, இசட்52.5. ஆனால் கருவிழி கொடுப்பவர்கள் ஏறக்குறைய எல்லாருமே இறந்தவர்கள், அந்தப் பட்டியலின் அதிகாரபூர்வ வழிகாட்டியோ இசட்52 வரிசையை உயிரோடு இருப்பவருக்கு மட்டும்தான் போட வேண்டும் என்கிறது!

அப்படியென்றால் அது யாருக்கு? வேறு காரணத்துக்காக ஒருவரின் கண்ணையே எடுக்க வேண்டி வந்து, கருவிழி மட்டும் தெளிவாக இருந்தால் அவருக்கு. அபூர்வம்தான், ஆனால் இந்தச் சிகிச்சையின் கதையே அப்படித்தான் தொடங்கியது. 1905 டிசம்பரில், இன்றைய செக் நாட்டின் ஓலோமோட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் செய்த, வெற்றி பெற்ற முதல் கருவிழி மாற்றுக்குக் கண் கிடைத்தது காயத்தால் கண்ணை இழந்த 11 வயதுச் சிறுவனிடம் இருந்து. அவனுக்கு இந்தக் குறியீடு கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

சரி, இறந்தவர் எங்கே பதிவாகிறார்? பில்லில் அவர் பெயர் வராது. கண் வங்கியின் செலவு, கருவிழியைப் பெறுபவரின் கணக்கில் வி2785 என்று ஏறும். பதப்படுத்தி, பாதுகாத்து, கொண்டுசேர்த்ததற்கான கட்டணம் அது. கருவிழிக்கு விலை கிடையாது, 1984ஆம் ஆண்டுச் சட்டம் அதை விற்பதைத் தடை செய்கிறது. அறுவை சிகிச்சைக்குத் தனி எண்: முழுத் தடிமனையும் மாற்றினால் பொதுவாக 65730, உள் அடுக்கை மட்டும் மாற்றினால் 65756.

கொடையாளரின் உண்மையான பதிவு கண் வங்கியின் கோப்பில் இருக்கிறது. என்னைக் கேட்டால், கருவிழியின் தலையெழுத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையை விட அதிகமாக இந்தக் கோப்புதான் தீர்மானிக்கிறது. எத்தனை மணிக்கு இறந்தார், உடலை எப்போது குளிரூட்டினார்கள், என்ன காரணம், குடும்பத்தாரிடம் பேசியபோது என்ன சொன்னார்கள், எல்லாம் அதில் வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, கடைசி நேரத்தில் ஏற்றிய சலைன் கணக்கு. எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ்கள், சிஃபிலிஸ் இவற்றுக்கு இறந்தவரின் ரத்தத்தைச் சோதிப்பார்கள். உயிரைக் காப்பாற்றும் முயற்சியில் லிட்டர் கணக்கில் திரவம் ஏற்றியிருந்தால், ரசத்தில் தண்ணீரைக் கொட்டிய மாதிரி ரத்தம் நீர்த்துப் போய், கிருமி இருந்தும் 'இல்லை' என்று முடிவு வந்துவிடலாம். அதனால் அமெரிக்க விதி அளவையே எழுதி வைத்திருக்கிறது: 12 வயதைத் தாண்டியவர் ரத்தம் இழந்தது தெரிந்தோ, இழந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தோ, இறப்பு, ரத்த மாதிரி எடுத்தது இரண்டில் எது முந்தியதோ அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் 2,000 மில்லிலிட்டருக்கு மேல் ரத்தமோ கொலாய்டு (புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் கலந்த) திரவமோ, அல்லது கடைசி 1 மணி நேரத்தில் அதே அளவுக்கு மேல் சலைன் போன்ற திரவமோ போயிருந்தால், நீர்த்துப் போயிருக்கலாம் என்று சந்தேகித்தே ஆக வேண்டும். அப்போது ஏற்றுவதற்கு முன் எடுத்த ரத்தத்தைத் தேடுவார்கள், அல்லது கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். நர்ஸ் அவசரத்தில் பாட்டில் எண்ணிக்கையை எழுத மறந்தால், நல்ல கருவிழி கூட வீணாகலாம்.

மரணக் காரணத்தில் இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்கு 1979இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை போதும். கைகால்களைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நரம்புக் கோளாறால் இறந்ததாக நினைத்த ஒருவரின் கருவிழி இன்னொருவருக்குப் பொருத்தப்பட்டது, அவர் ரேபிஸ் வந்து இறந்தார். கொடுத்தவருக்கு இருந்ததும் ரேபிஸ்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. நோய் இன்னதென்று உறுதியாகாத மூளை, நரம்பு மரணங்களில் இன்று வாங்க மாட்டார்கள். மூக்குக்கண்ணாடி, சர்க்கரை, கண்புரை ஆபரேஷன் இதெல்லாம் தடையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், தானம் செய்ய நினைப்பவர்கள் வீணாகத் தயங்குகிறார்கள்.

கோப்பு சரியானதும் கொடையாளர் ஓர் எண்ணாகிறார். ஐஎஸ்பிடி 128 என்ற உலகத் தரத்தில் அது 13 எழுத்துகள்: கண் வங்கிக்கு 5, ஆண்டுக்கு 2, வரிசை எண்ணுக்கு 6. ஒருவரின் இரண்டு கருவிழிகளுக்கும் அதே கொடை எண்தான், எது எது என்று பிரிக்க லேபிளில் வேறு குறியீடு இருக்கும். பெயர் லேபிளில் இராது. பொருத்தி முடித்ததும் யாருக்குப் போனது என்று மருத்துவமனை கண் வங்கிக்குத் தகவல் அனுப்ப வேண்டும். ஒரு கண்ணில் தொற்று வந்தால், இன்னொரு ஊரில் இன்னொரு கண்ணைப் பெற்றவரை இந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்து எச்சரிக்க முடியும். இந்தப் பதிவுகளை அமெரிக்காவில் குறைந்தது 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும், ஐரோப்பாவில் 30.