கோடையில் கேம்பர் வேன்: வெயிலை எங்கே தடுப்பது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. குளிர்காலத்தில் அதைச் சுற்றியுள்ள பாலைவனம் முழுக்க, படுக்கையும் அடுப்பும் வைத்து வீடாக்கிய கேம்பர் வேன்களும், ஆர்.வி. எனப்படும் பெரிய வீட்டு வண்டிகளும்தான். அரசு நிலத்தில் மாதக்கணக்கில் தங்குவதற்கென்றே அங்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கான பருவம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. அது முடிந்ததும் ஊரே காலியாகிவிடும், ஏனென்றால் அதற்குப் பிறகு வருவது பாலைவனக் கோடை. அதே மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரத்தில் 2023-இல் தொடர்ந்து 31 நாட்கள் பகலின் உச்ச வெப்பம் 43 டிகிரி செல்சியஸுக்குக் குறையவே இல்லை.

அந்த வெயிலில் ஒரு தகரப் பெட்டிக்குள் மனிதர் தங்க முடியுமா? முடியும். ஆனால் பலரும் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை பெரிய ஏசி வாங்கலாம்?" என்பது. என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வெப்பம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று முதலில் பார்த்துவிட்டால், ஏசி செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். மேகமில்லாத கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறக்குறைய 1,000 வாட் வெயில் விழுகிறது. ஓரளவு பெரிய வேனின் கூரை 10 சதுர மீட்டர் இருக்கும். ஆக, கூரையில் மட்டும் 10 கிலோவாட். ஆர்.வி. கூரைகளில் பொதுவாக மாட்டும் 13,500 பி.டி.யு. (ஏசியின் திறனைச் சொல்லும் அளவு) ஏசி, உள்ளிருந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 4 கிலோவாட்தான். கூரையில் விழுவதெல்லாம் உள்ளே வந்துவிடாது என்பதால்தான் தப்பிக்கிறோம். எவ்வளவு வரும் என்பதை முதலில் தீர்மானிப்பது நிறம்.

கறுப்புப் பூச்சு வெயிலில் 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பூச்சு 20 முதல் 25 சதவீதம்தான் எடுத்துக்கொள்ளும். இது எல்லோருக்கும் தெரிந்ததே. பலர் கவனிக்காத இன்னொரு பாதி இருக்கிறது: சூடான பரப்பு தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெளியே விட வேண்டும். வெள்ளைப் பூச்சு இந்த வேலையை மிக நன்றாகச் செய்கிறது. பளபளவென்று தேய்த்த வெற்று அலுமினியம் செய்வதில்லை. அது வெயிலைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பினாலும், உறிஞ்சிய கொஞ்ச வெப்பத்தையும் கதிராக வெளியே விடத் தெரியாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. காற்றடித்தால்தான் அது ஆறும். அதனால் காற்றில்லாத பகலில் மெருகிட்ட அலுமினியக் கூரை பக்கத்திலிருக்கும் வெள்ளைக் கூரையைவிட அதிகமாகச் சுடும். ஏர்ஸ்ட்ரீம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வெள்ளி நிறத்தில் மின்னும் வீட்டு வண்டிகளைப் பார்த்து, அந்த மினுமினுப்பே குளிர்ச்சி தரும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த நிறுவனம் 1936-இல் கொண்டுவந்த கிளிப்பர் வண்டியிலேயே உலர்பனிக்கட்டியை (உறைந்த கரியமில வாயு) வைத்துக் காற்றைக் குளிர்விக்கும் ஏற்பாடு இருந்தது.

வெள்ளையைவிட மேலானது நிழல். கூரைக்கு மேலே சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இன்னொரு தகட்டைப் பொருத்தினால், சுடுவது மேல்தகடாக இருக்கும். நடுவில் ஓடும் காற்று அந்தச் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். பழைய லேண்ட் ரோவர்களில் வெப்பநாடுகளுக்கென்று இப்படி இரட்டைக் கூரை போட்டு விற்றார்கள். இன்று கேம்பர் கூரையில் சூரியத் தகடுகளை மாட்டுகிறவர்களுக்கு இந்தப் பயன் இலவசமாகக் கிடைக்கிறது, அடியில் காற்றுப் போக இடம் விட்டிருந்தால். கூரையோடு ஒட்டிவிடும் மெல்லிய தகடுகளில் அது கிடைக்காது.

அடுத்து, வண்டியை எந்தத் திசையில் நிறுத்துவது? ஃபீனிக்ஸ் வடக்கு அட்சரேகை 33 டிகிரியில் இருக்கிறது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் அங்கே கிட்டத்தட்ட உச்சியில், அடிவானிலிருந்து 80 டிகிரி உயரத்தில் நிற்கும். அதனால் தெற்குச் சுவரில் வெயில் சாய்வாக உரசிக்கொண்டுதான் போகும். தொல்லை தருவது மேற்கு. பிற்பகல் 4 மணி வெயில் சுவர்மேல் நேராக அடிக்கும். காற்றும் அந்த நேரத்தில்தான் உச்சச் சூட்டில் இருக்கும். ஆகவே வண்டியின் மூக்கு கிழக்கே, பின்புறம் மேற்கே இருக்கும்படி நிறுத்துவது நல்லது. அகலமான பக்கங்கள் வடக்கும் தெற்குமாகிவிடும். குறுகலான பின்கதவு மட்டுமே மாலை வெயிலை வாங்கும். பெரிய முன்கண்ணாடிக்குக் கிடைப்பது காலை வெயில்.

அந்த முன்கண்ணாடி தனி விஷயம். கண்ணாடி சூரிய ஒளியை உள்ளே விடும். உள்ளே இருக்கையும் பலகையும் சூடாகி வெளிவிடும் நீண்ட அலைக் கதிரை வெளியே விடாது. மூடி நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் வெளிக்காற்றைவிட 22 டிகிரி வரை அதிகமாகச் சூடாகிறது. அதில் பெரும்பகுதி முதல் அரைமணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியை ஓரிரு விரற்கடை இறக்கி வைத்தாலும் பெரிதாக மாறுவதில்லை. குழந்தையையும் வளர்ப்புப் பிராணியையும் ஐந்து நிமிடம்கூட உள்ளே விட்டுப் போகக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வெயில் மறைப்பை உள்பக்கம் வைப்பதும் வெளிப்பக்கம் வைப்பதும் ஒன்றல்ல. உள்ளே வைத்தால், கண்ணாடியைத் தாண்டி வந்த ஒளியின் ஒரு பகுதிதான் திரும்பிப் போகும்; மீதி மறைப்பையே சூடாக்கும், அந்தச் சூடு உள்ளேயே தங்கும். வெளியே கட்டினால், சூடாவது வெளிக்காற்றில் இருக்கும் துணி. கொஞ்சம் சிரமம்தான், ஆனால் செய்யத் தக்க சிரமம்.

வெப்பக்காப்புப் பஞ்சையும் நுரைப்பலகையையும் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அவை வெப்பத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. உள்ளே ஏறிவிட்ட சூட்டையும் அதே அக்கறையோடு காத்து வைக்கும்.

அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் கூரை மின்விசிறி. ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் சதுரத் துளையில் உட்காரும் இந்த விசிறி, முழு வேகத்தில் நிமிடத்துக்கு 25 கன மீட்டர் காற்றை வெளியேற்ற வல்லது. வேனுக்குள் இருக்கும் காற்று மொத்தமே 12 கன மீட்டர் அளவுதான். நிழல் பக்கத்து ஜன்னல் ஒன்றைத் திறந்து வைத்து, விசிறியை வெளியே ஊதும்படி ஓட்டினால் பழைய காற்று சீக்கிரம் போய்விடும். இதற்கு ஆகும் மின்சாரம் ஒரு சின்ன பல்பு அளவு. ஆனால் விசிறியால் உள்ளறையை வெளிக்காற்றின் வெப்பத்துக்குக் கீழே இறக்க முடியாது. வெளியே 43 டிகிரி என்றால் உள்ளேயும் அதுவே.

பாலைவனத்தில் விசிறிக்கு உரிய நேரம் இரவு. வறண்ட, தெளிந்த வானம் பூமியின் வெப்பத்தைத் தடையில்லாமல் விண்வெளிக்கு விடுகிறது. பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வித்தியாசம் அங்கே சாதாரணம். பொழுது சாய்ந்து வெளிக்காற்று ஆறியதும் எல்லாவற்றையும் திறந்து விசிறியைப் போட்டு, கட்டிலும் பலகையும் தண்ணீர்த் தொட்டியும் சேர்த்துக் குளிர விட வேண்டும். காலையில் வெயில் ஏறுமுன் மூடிவிட வேண்டும். சமையலை வெளியே வைத்துக்கொள்வதும் இந்தக் கணக்கில்தான் வரும். அடுப்பில் ஒரு கிலோ புரோப்பேன் வாயு எரிந்தால் சூட்டோடு 1.6 கிலோ நீராவியும் உண்டாகிறது.

சரி, பகலில் 43 டிகிரியை எப்படிக் கீழே இறக்குவது? அங்கேதான் ஏர்கூலர் வருகிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படியே: ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் ஆவியானால் 670 வாட் குளிரூட்டலுக்குச் சமம். ஓட்டுவதற்கு ஒரு விசிறியும் குட்டிப் பம்பும் போதும். காற்றில் ஈரப்பதம் 10 சதவீதம் இருக்கும்போது, 42 டிகிரிக் காற்றைத் தண்ணீரால் அதிகபட்சம் 20 டிகிரி வரை இறக்கலாம். கருவிகள் அந்த எல்லையைத் தொடுவதில்லை. 25 டிகிரிக்கு வந்தாலே பெரிய காரியம்.

ஒரு ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் சேர்ந்து எல்லாம் நின்றுபோகும். ஜூன் நடுவில் தொடங்கும் அரிசோனாவின் மழைப்பருவத்தில் காற்று ஈரமானதும் இதே கருவி புழுக்கத்தைக் கூட்டும். புளோரிடாவில் 34 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரமும் இருக்கும் பகலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் 28 டிகிரிக்குக் கீழே போகாது. மே மாதச் சென்னையில் ஏர்கூலர் ஏமாற்றுவதும் இதனால்தான்.

அப்புறம்தான் ஏசி. கூரை ஏசி ஒன்று ஓடும்போது 1.3 முதல் 1.5 கிலோவாட் மின்சாரம் எடுக்கும், தொடங்கும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு. 100 ஆம்பியர் மணி கொண்ட 12 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கூரையில் 400 வாட் சூரியத் தகடு இருந்தால், நல்ல கோடை நாளில் கிடைக்கும் மொத்த மின்சாரமும் ஒன்றரை மணி நேர ஏசிக்குத்தான் வரும். அதனால் ஏசி வேண்டுமென்றால் முகாம் மைதானத்து மின் இணைப்போ ஜெனரேட்டரோ வேண்டும்.

ஏசி வெளிவெப்பத்திலிருந்து 11 டிகிரிதான் குறைக்கும் என்று ஆர்.வி.காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அந்த எண், ஏசிக்குள் போகும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம். உள்ளறைக் காற்று திரும்பத் திரும்ப அதன் வழியே போவதால், வெப்பம் உள்ளே வரும் வேகத்தைவிட ஏசி வெளியேற்றும் வேகம் அதிகமாக இருக்கும் வரை அறை இறங்கிக்கொண்டே போகும். நிழல், மறைப்பு, திசை ஆகிய மூன்றும் குறைத்துத் தருவது அந்த உள்வரும் வேகத்தைத்தான். காலை 10 மணிக்கே ஏசியைப் போட்டுவிடுவதும் புத்திசாலித்தனம். பிற்பகலில் கொதித்துப்போன கட்டிலையும் சுவரையும் இறக்குவது மிகவும் கடினம்.

சக்கரம் உள்ள வீட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு: மலையேறிப் போய்விடலாம். உயரே போகப் போகக் காற்று விரிந்து குளிரும். சராசரியாக ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 6.5 டிகிரி. ஃபீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டரில் இருக்கிறது, அதே மாநிலத்தின் மலை நகரமான ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டரில். ஜூலைப் பகலில் கீழே 41 டிகிரி என்றால் மேலே 28 தான். ஏசிக்குச் செலவாகும் டீசலில் ஒரு பங்கைச் சாலையில் செலவழித்தால் அரை நாளில் போய்ச் சேரலாம். ஃபிளாக்ஸ்டாஃபின் ஜூலை இரவு 11 டிகிரி வரை இறங்கும். அங்கே கூரை விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்தாலே போதும்.