தொப்பி சரி, சாட்சி எங்கே?

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி ஒரு பெரியவர் பினாங்கு ஜார்ஜ் டவுனில் இருக்கும் என் கடைக்கு வந்தார். மடியில் பேரப்பிள்ளையை வைத்திருப்பதுபோல ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே வெள்ளையாகப் புஸுபுஸுவென்று ஒரு தொப்பி. "தம்பி, எம்.ஜி.ஆர். போட்டது. இப்ப வித்தா எவ்வளவு போகும்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். புலனத்தில் (வாட்ஸ்அப்) யாரோ நடத்திய ஏலத்தில் 6,500 மலேசிய வெள்ளிக்கு எடுத்திருக்கிறார், அதுவும் ஓய்வுக்காகச் சேர்த்த இ.பி.எஃப். பணத்தில். கூடவே தங்க முத்திரை ஒட்டிய ஒரு சான்றிதழ், அதில் "100 விழுக்காடு அசல்" என்று கொட்டை எழுத்தில்.

பழைய கடிதம், கையெழுத்து, புகைப்படம் என்று மதிப்பிட்டுக் கொடுப்பதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. இப்படி ஒரு பொருள் வந்தால் நான் முதலில் பொருளைத் தொடுவதே இல்லை. "தொப்பி இருக்கட்டும் ஐயா, அவர் கையிலிருந்து முதலில் வாங்கினது யாரு, எந்த ஊர்ல, எந்த வருஷம்?" என்று கேட்டேன். பெரியவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு பெயரும் இல்லை, ஒரு தேதியும் இல்லை. தொப்பியின் உள்பக்கத்தில் துணி லேபிளைக் கத்திரிக்கோலால் ஒட்ட வெட்டியிருந்தார்கள். அதற்கு மேல் எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

பிரபலங்களின் பொருளுக்குப் பணம் கொட்டுகிறவர்களைப் பைத்தியம் என்று நான் சொல்லமாட்டேன், சொன்னால் என் கடையை மூட வேண்டியதுதான். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனனின் சொத்தைப் பல் 2011-இல் இங்கிலாந்தில் 19,500 பிரிட்டிஷ் பவுனுக்குப் போனது, வாங்கியவர் கனடாவில் ஒரு பல் மருத்துவர். பழைய பல் என்பதால் மரபணுச் சோதனைக்குத் தாங்காது என்று ஏலக்காரர்களே சொல்லிவிட்டார்கள். அப்படியும் ஏன் விலை போனது? லெனன் அந்தப் பல்லைத் தன் வீட்டில் வேலை பார்த்த பெண்மணியிடம் கொடுத்தார், ஏலத்துக்கு வரும்வரை அது அந்தக் குடும்பத்திடமே இருந்தது. நடுவில் ஒரே ஒரு கை, அந்தக் கை யாருடையது என்றும் உலகத்துக்குத் தெரியும். குயீன் இசைக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி மீசை சீவிய குட்டி வெள்ளிச் சீப்பும் அப்படித்தான். 400 முதல் 600 பவுன் போகலாம் என்று மதிப்பிட்டது 2023-இல் 1,52,400 பவுனுக்குப் போனது, ஏனென்றால் விற்றவர் அவருடைய வீட்டையே உயில்படி பெற்ற தோழி.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலின் கென்னடியின் மூன்று சரக் கழுத்து மாலை. 1996-இல் நியூயார்க்கில் 2,11,500 டாலருக்கு ஏலம் போனது. முத்து அசலா என்றால், இல்லை, கவரிங்! ஏலப் புத்தகத்திலேயே போலி முத்து என்று அச்சடித்துத்தான் விற்றார்கள். ஆனால் அந்த மாலையைக் குட்டிப் பையனாக இருந்த அவருடைய மகன் பிடித்து இழுக்கும் புகைப்படம் இருக்கிறது, விற்பவர்களும் பெற்ற பிள்ளைகளே. முத்து பொய்யாக இருந்தாலும் சரி, அது நடந்து வந்த பாதை பொய்யாக இருக்கக்கூடாது, எங்கள் தொழிலில் அவ்வளவுதான் விஷயம்.

நம் பக்கம் பாருங்கள், சில்க் ஸ்மிதா கடித்த ஆப்பிளை ஏலம் விட்ட கதையைக் கேட்காத தமிழ்ச் சினிமா ரசிகர் இருக்க முடியாது. சொல்கிற ஆளுக்கு ஆள் விலை மாறும், படப்பிடிப்பு நடந்த ஊர் மாறும். வாங்கியவரையோ ரசீதையோ காட்டிய ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. லெனன் பல்லுக்கும் அந்த ஆப்பிளுக்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

"சர்ட்டிபிகேட் இருக்கே தம்பி" என்பார்கள். சான்றிதழ் அடிக்க ஒரு பிரிண்டரும் கொஞ்சம் தங்கக் காகிதமும் போதும். 1990-களில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 'ஆப்பரேஷன் புல்பென்' என்ற நடவடிக்கையில் ஒரு கும்பலைப் பிடித்தது, அவர்கள் கையெழுத்தையும் போலியாகப் போட்டு, அதற்குச் சான்றிதழையும் தாங்களே தயாரித்து விற்றவர்கள். சரக்கில் அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால் பந்துகூட இருந்தது. சிரிப்பு வருகிறதா? பணம் கொடுத்தவர்களுக்கு அப்போது வரவில்லை.

பொருளைப் பார்த்தே பிடிக்கிற சில விஷயங்களும் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் கையெழுத்து புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் அது எழுதியது இல்லை, அச்சடித்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலத்துப் படம் என்று சொல்லிக் கொடுத்த காகிதம் புற ஊதா டார்ச்சில் நீலமாகப் பளபளத்தால் அது பின்னால் வந்த காகிதம், ஏனென்றால் வெளுப்புக்குச் சேர்க்கும் அந்த ரசாயனம் அப்போது காகிதத்தில் கிடையாது. பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்கு வந்து மலாய்த் திரை நட்சத்திரம் பி. ரம்லி கையெழுத்து என்று சொன்னதும் பாய்கிறவர்கள் அந்த லென்ஸை ஒருமுறை வைத்துப் பார்க்கலாம்.

வெளிநாட்டு ஏல நிறுவனத்தில் நேர்மையாகவே வாங்கினாலும் ஒரு சங்கதி. சுத்தியல் தட்டிய விலை நீங்கள் கட்டும் விலை அல்ல, அதன்மேல் வாங்குபவர் கட்டணம் பல இடங்களில் 20 முதல் 25 விழுக்காடு ஏறும், அப்புறம் அனுப்பும் செலவு, காப்புறுதி.

பெரியவர் கதைக்கு வருகிறேன். பணம் போட்ட வங்கிக் கணக்கு எண்ணை வாங்கி, மோசடிக் கணக்கா என்று தேடிப் பார்க்கும் போலீசின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் தட்டினேன், அந்தக் கணக்கின் மேல் ஏற்கெனவே புகார்கள் இருந்தன. பணம் போடுவதற்கு முன் செய்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. மோசடி என்று தெரிந்த உடனே தேசிய மோசடி உதவி எண்ணான 997-க்கு அழைத்தால் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பிருக்கிறது. இவர் மூன்று மாதம் கழித்து வந்திருக்கிறார். போலீஸ் புகார் கொடுக்கச் சொன்னேன். இந்தியாவின் பழைய சட்டத்தைப் போலவே நம் மலேசியாவிலும் ஏமாற்றுக்கு 420-ஆம் பிரிவுதான் என்றதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 2020-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு ஏலக் கடையின் தபால் பெட்டியில் ஒரு உறை வார இறுதி முழுக்கத் தொங்கிக்கொண்டு கிடந்தது, உள்ளே காந்தியின் மூக்குக் கண்ணாடி. உதவாது என்றால் தூக்கிப் போடுங்கள் என்றாராம் சொந்தக்காரர். கண்ணாடி தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்த உறவினர் ஒருவருக்குக் கிடைத்தது என்று குடும்பத்தில் சொல்லி வைத்திருந்தார்கள், காலமும் இடமும் பொருந்தி வந்தது, 2,60,000 பவுன்.

அதனால்தான் போன மாதம் சுங்கை பட்டாணி அக்கா ஒருவர் தன் அப்பா விட்டுப்போன நட்சத்திரக் கலைவிழா நிகழ்ச்சித் தாளையும் கிழித்த டிக்கெட்டையும் கொண்டுவந்தபோது நான் விலையைச் சொல்லவே இல்லை. அப்பா எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார், யாரோடு போனார், நடிகர் எந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார், எல்லாவற்றையும் வேறொரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டு அதோடு வைக்கச் சொன்னேன். "இந்தப் பழைய தாள் மேலேயே எழுதிடவா தம்பி?" என்று பேனாவை எடுத்துவிட்டார். நல்லவேளை, கையைப் பிடித்துக்கொண்டேன்.