கருவிலிருந்து மூன்று வயது வரை: அங்கன்வாடியிலிருந்து உங்களுக்கு வரவேண்டியவை

"பிள்ளைக்கு ரெண்டரை வயசாகட்டும், பால்வாடிக்கு அனுப்புவோம்" என்று சொல்லும் வீடுகள் நெல்லைப் பக்கம் நிறைய. பாப்பாக்குடி, முக்கூடல், மேலப்பாளையத்தில் பீடி சுத்தும் வீடுகளிலும் சரி, ராதாபுரம், நாங்குநேரி பக்கம் கூலிக்குப் போகும் வீடுகளிலும் சரி, அங்கன்வாடி என்றால் பிள்ளையைக் கொண்டுபோய் விடும் இடம் என்றே நினைக்கிறார்கள். ஆனால் அந்த மையத்தின் பாதி வேலை, பிள்ளை அங்கே நடந்து வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டியது. மூளை வேகமாக வளரும் காலமும் அதுதான். கேட்டு வாங்காமல் விடுவது பெரும்பாலும் இந்தப் பங்கைத்தான்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதன் உணவுப் பகுதியைச் சட்டப்படியான உரிமை ஆக்கியது. கர்ப்பிணிக்கும், குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை தாய்க்கும், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கும் இலவசமாக உணவு தர வேண்டும். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை, வீட்டுக்குக் கொண்டுபோகும் உணவாக (சத்துமாவு) நாளொன்றுக்கு 500 கலோரி. எடை மிகக் குறைந்த பிள்ளைக்கு 800. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 600. இதில் வருமான வரம்பு கிடையாது. எந்த வண்ண ரேஷன் கார்டு என்று கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பிள்ளைக்கு ஆதார் எடுக்கவில்லை என்றால் தாயின் ஆதாரை வைத்தே பதியலாம். அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது.

பெயர் பதிவதில்தான் முதல் சிக்கல் வருகிறது. நம் ஊரில் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவிடுவோம், தலைப்பிரசவம் என்றால் கட்டாயம். பெயரோ மாமியார் ஊர் மையத்தில் இருக்கும். அங்கே "ஆள் இல்லை" என்று மாவு நின்றுவிடும், இங்கே "பெயர் இல்லை" என்பார்கள். கர்ப்பத்தின் பிந்திய மாதங்களும் குழந்தையின் முதல் மாதங்களும் இப்படியே கைவிட்டுப் போகும். கிளம்பும் முன்பே மாமியார் ஊர் அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லி, அங்கன்வாடிப் பதிவுகளை வைக்கும் போஷன் டிராக்கர் செயலியில் இடமாற்றம் போடச் சொல்லுங்கள். தாய்வீட்டுக்குப் போன வாரத்திலேயே அங்குள்ள மையத்தில், தாய் சேய் அட்டையையும் பிக்மி எண்ணையும் (கர்ப்பத்தைப் பதியும்போது சுகாதாரத் துறை தரும் எண்) காட்டிச் சேர்ந்துகொள்ளுங்கள். திரும்பி வரும்போதும் இதேபோல மாற்ற வேண்டும். தடுப்பூசிக் கணக்கு அறுபடாமல் இருக்க கிராம சுகாதார செவிலியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மாவு வாங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாக்கெட் வீட்டுக்கு வந்ததும் மூத்த பிள்ளைகளுக்கு உருண்டை, தாத்தாவுக்குக் கஞ்சி என்று பிரிந்துபோகிறது. கைக்குழந்தைக்குக் கிடைப்பது இரண்டு ஸ்பூன். அது அந்தக் குழந்தைக்கென்று கணக்கிட்ட அளவு என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான். சேனை தொட்டு வைப்பது, ஜீனித் தண்ணீர், உரைமருந்து, வசம்பு எதுவும் வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஸ்பூனைச் சாய்த்தால் வழியாமல் நிற்கும் பதத்தில் கொடுக்க வேண்டும். தண்ணீராகக் கரைத்தால் வயிறு நிறையும், எடை ஏறாது. இறக்கும்போது அரை ஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ விடலாம். மாவில் வெல்லம் இருப்பதால் சீனி சேர்க்க வேண்டாம். எட்டு மாதம் வரை நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை, கூடவே தாய்ப்பால்.

அடுத்தது எடை. மாதம் ஒருமுறை எடை பார்ப்பது உங்கள் உரிமை. அதைவிட, அந்தப் புள்ளியை வளர்ச்சி அட்டையில் வைத்து உங்களிடம் காட்டி விளக்கச் சொல்வதும் உரிமைதான். எடை போடும் முன் தண்டை, கொலுசு, காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஈரத் துணியையும் மாற்றிவிடுங்கள். ஒரு வயதுப் பிள்ளை ஒரு மாதத்தில் கூடுவதே ஏறக்குறைய 200 கிராம்தான். போன மாதம் கொலுசோடும் இந்த மாதம் கொலுசு இல்லாமலும் நிறுத்தினால், நன்றாக வளர்ந்த பிள்ளை இளைத்ததாகத் தெரியும். மாறிச் செய்தால் இளைத்த பிள்ளை வளர்ந்ததாகத் தெரியும், இது இன்னும் ஆபத்து. உயரத்தை இரண்டு வயது வரை படுக்கவைத்து அளக்க வேண்டும், அதன் பிறகு நிற்கவைத்து.

அட்டையில் பச்சைப் பகுதிக்குள் புள்ளி இருந்தால் போதும் என்று நினைப்பதுதான் பொதுவாக நடக்கும் தவறு. கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஒரு மாதம் ஏறாவிட்டால் உணவையும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்ததா என்பதையும் கவனியுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து கோடு ஏறாமல் படுத்தே கிடந்தால், பச்சையில் இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

கைச்சுற்றளவு நாடாவையும் கேளுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, இடது மேல்கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, நாடா இறுக்காமலும் தொங்காமலும் இருக்க அளக்க வேண்டும். 12.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கவனம். 11.5-க்குக் கீழே என்றால் கடும் ஊட்டக்குறைவு, மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பசியின்மையோ, காய்ச்சலோ, இரண்டு பாதத்திலும் வீக்கமோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து பார்ப்பதும் அங்கன்வாடிப் பணியாளரின் கடமையில் உண்டு, பலருக்கு இது தெரியாது. பிள்ளைக்கு எப்படி ஊட்டுவது, எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்கும் தகப்பனுக்கும் பாட்டிக்கும் சொல்லித்தர வேண்டும். 2024-இல் மத்திய அரசு, மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்காக நவசேதனா என்ற வழிகாட்டியையே வெளியிட்டது. அதன் சாரத்துக்குக் காசு செலவில்லை. பீடித்தட்டை மடியில் வைத்திருக்கும்போதே பிள்ளையை எதிரே உட்காரவைத்து, செய்வதைச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். அது ஒரு சத்தம் போட்டால் பதிலுக்கு ஒரு சத்தம் கொடுங்கள். இரண்டு டம்ளர், ஒரு ஓலைக் கிலுகிலுப்பை, அம்பாசமுத்திரத்துச் சொப்பு போதும். கையில் செல்போன் கொடுத்தால் அது பதில் பேசாது. இரண்டு வயது வரை அது வேண்டவே வேண்டாம். பீடி இலையும் புகையிலைத் தூளும் குழந்தை தவழும் இடத்தில் இருக்கக் கூடாது. பால் கொடுக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தூள் படிந்த சேலையை மாற்றிவிடுங்கள்.

வளர்ச்சியில் சந்தேகம் வந்தால் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனான்" என்று விடாதீர்கள். நாலு மாதத்தில் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை, சத்தத்துக்குத் திரும்பவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்ட வேண்டும். 2013-இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் (தேசிய குழந்தைகள் நலத் திட்டம்) திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். வரும் தேதியை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மையத்துக்கு வராத கைக்குழந்தையையும் அன்று தூக்கிக்கொண்டு போகலாம். அவர்கள் எழுதித்தரும் சீட்டோடு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி தனி. அது சுகாதாரத் துறை வழியாக, தகுதியுள்ளவர்களுக்கு முதல் இரண்டு பிரசவத்தில் ஒவ்வொன்றுக்கும் 18,000 ரூபாய்: 14,000 ரொக்கம் தவணைகளாக, 4,000 மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். கர்ப்பம் 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். பணம் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர்தான். ஆதாரில் அப்பா இனிஷியல், வங்கியில் கணவர் இனிஷியல் என்று இருக்கும். கர்ப்பம் உறுதியானதுமே இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். இரண்டு மூன்று கணக்கு இருந்தால், பணம் எதில் விழும் என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்கே அது போகும்.

மாவு வரவில்லை, எடை பார்க்கவில்லை என்றால் முதலில் டீச்சரிடம் பேசுங்கள். பல சமயம் வரத்தே இல்லாமல் அவர்களே திண்டாடுவார்கள். அடுத்து மேற்பார்வையாளர், பிறகு வட்டார குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர். அதிலும் முடியாவிட்டால் திங்கள்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். சட்டப்படி தர வேண்டிய உணவு தராவிட்டால் உணவுப் பாதுகாப்புப் படி (உணவுக்குப் பதிலாகப் பணம்) கேட்கவும் 2013 சட்டத்தின் 8-ஆம் பிரிவில் இடம் உண்டு. எந்த மாதம், எத்தனை பாக்கெட், யாரிடம் கேட்டீர்கள் என்று மனுவில் எழுதுங்கள், பொதுவாக "கிடைக்கவில்லை" என்று எழுதினால் பதிலும் பொதுவாகவே வரும்.

செங்கல் சூளை, தோட்டக் குடியிருப்பு, புதிதாக முளைத்த காலனி என்று மையமே இல்லாத இடங்கள் உண்டு. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்து மையம் இல்லாவிட்டால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று உத்தரவிட்டது. பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கையெழுத்து, பக்கத்து மையம் எவ்வளவு தூரம் என்ற விவரத்தோடு ஒரு பட்டியல் எழுதி, வட்டார அலுவலகத்திலும் ஆட்சியரிடமும் கொடுத்து இரண்டுக்கும் தேதி போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.