சாலிடாரிட்டி: 'ஒருமைப்பாடு' என்று எழுதாதீர்கள்

போலந்தின் 'சாலிடாரிட்டி' தொழிலாளர் சங்கத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப 'ஒருமைப்பாடு இயக்கம்' என்கிறார்கள். 'ஒற்றுமைச் சங்கம்' என்பவர்களும் உண்டு. இரண்டுமே பிழை.

அந்தப் பெயரின் மூலம் லத்தீன். பலர் சேர்ந்து வாங்கிய கடன் முழுவதற்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு என்பதை ரோமானியச் சட்டம் 'இன் சாலிடம்' என்றது. அது பிரெஞ்சு வழியாகப் பரவி, போலிஷில் 'சொலிதார்நோஷ்ச்' ஆனது.

சரி, 'ஒருமைப்பாடு' ஏன் கூடாது? தேசிய ஒருமைப்பாடு என்று கேட்டுப் பழகிய சொல் அது. அரசு மக்களிடம் எதிர்பார்ப்பது. 'ஒற்றுமை' இன்னும் மோசம். போலந்தை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியின் பெயரே 'போலந்து ஐக்கியத் தொழிலாளர் கட்சி'! தொழிலாளர் பெயரால் பேசும் உரிமையைக் கட்சியே வைத்துக்கொண்டது, தொழிற்சங்கங்களும் அதன் பிடியில்தான். அந்த ஐக்கியத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்கு அதே பெயரைச் சூட்டுவது அநியாயம்.

அவர்கள் செய்ததைப் பாருங்கள். 1980 ஆகஸ்ட் 14, கதான்ஸ்க் நகரின் லெனின் கப்பல் கட்டும் தளம். கிரேன் ஓட்டிய அன்னா வாலென்டினோவிச்சை வேலைநீக்கம் செய்ததற்கு எதிராக வேலைநிறுத்தம் வெடித்தது. இரண்டே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது, கூலி உயர்வும் கிடைத்தது. வேலைநிறுத்தத் தலைவர் லேக் வலேசா போராட்டம் முடிந்தது என்றே அறிவித்துவிட்டார். அப்புறம் கப்பல் தளத் தொழிலாளர்களை நம்பிப் போராட்டத்தில் இறங்கிய சிறு நிறுவனங்களின் கதி? அன்னாவும் செவிலியர் அலினா பியென்கோவ்ஸ்காவும் வாசலில் நின்று, கிளம்பியவர்களைத் தடுத்தார்கள். பலர் போய்விட்டார்கள், மிச்சமிருந்தவர்கள் மற்றவர்களுக்காகப் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். கூலிச் சண்டை அரசியலானது அங்கேதான். பல ஆலைகளின் கூட்டுக் குழு உருவாகி 21 கோரிக்கைகளை வைத்தது. முதல் கோரிக்கை, கட்சியின் பிடியில் இல்லாத சுதந்திரத் தொழிற்சங்கம். ஆகஸ்ட் 31 அன்று அரசு அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது. அப்படிப் பிறந்த சாலிடாரிட்டியின் உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு கோடியைத் தொட்டது. 1981 டிசம்பரில் இராணுவச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு சங்கமே தடைசெய்யப்பட்டது. ஆனாலும் 1989 ஜூன் தேர்தலில் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் 100 இடங்களில் 99 அவர்களுக்கே.

தன் கோரிக்கை நிறைவேறிய பிறகும் அடுத்தவருக்காக நிற்பதற்குத் தமிழில் 'தோழமை' இருக்கிறது. தேர்தல் கூட்டணிக்காரர்கள் 'தோழமைக் கட்சி' என்று சொல்லி அதைத் தேய்த்துவிட்டார்கள், உண்மைதான். அதற்காக நல்ல சொல்லை அவர்களிடமே விட்டுவிட முடியாது. அடுத்தவருக்காகச் செய்யும் வேலைநிறுத்தத்தை 'அனுதாப வேலைநிறுத்தம்' என்னும் வழக்கும் எனக்கு ஒப்பாது. அனுதாபப்படுகிறவர் பட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். 'தோழமை வேலைநிறுத்தம்' என்றே எழுதலாம். சங்கத்தின் பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் 'சாலிடாரிட்டி' என்றே விடுங்கள்.