கோபுரம் ஏறினால் மேப் திறப்பது எப்படி?

2007இல் யுபிசாஃப்ட் வெளியிட்ட முதல் அசாசின்ஸ் கிரீட் கேமின் கதை, 1191ஆம் ஆண்டின் டமாஸ்கஸிலும் ஜெருசலேமிலும் நடக்கிறது. ஊருக்குள் நுழைந்து மேப்பைத் திறந்தால் பெரும்பகுதி மங்கலாகவே இருக்கும். உயரமான ஒரு கோபுரத்தைப் பற்றி ஏறி, உச்சியில் நின்று ஒரு பட்டனை அழுத்த வேண்டும். கேமரா நாயகனைச் சுற்றி ஒரு வட்டமடிக்கும், மேப்பில் அந்த வட்டாரம் தெளிந்துவிடும். அப்புறம் கீழே இருக்கும் வைக்கோல் மேல் ஒரே பாய்ச்சல். இந்த வித்தை பிறகு எத்தனையோ கேம்களுக்குப் பரவியது. 2012இல் வந்த ஃபார் க்ரை 3 கேமில் ரேடியோ டவர்கள்கூட இதே வேலையைச் செய்தன.

பார்க்கப் பிரமாதமாக இருந்தாலும், உள்ளே நடப்பது ரொம்பச் சின்ன விஷயம். முழு வரைபடமும் தொடக்கத்திலிருந்தே தயாராக இருக்கிறது. அதன்மேல் சாம்பல் நிறத் துணி போர்த்தியதுபோல ஒரு முகமூடிப் படம் கிடக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரு வட்டாரம் ஒதுக்கப்பட்டிருக்கும். ஏறி முடித்ததும் 0 என்றிருந்த ஒரு குறிப்பு 1 ஆகும், அந்த வட்டாரத்தின் மேலிருக்கும் சாம்பல் கரையும். நாயகன் கண்ணுக்கு உண்மையில் என்ன தெரிந்தது என்று கணினி கணக்கே போடுவதில்லை.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்ற போர்வியூக கேம்கள் வேறு ரகம். அங்கே நிலம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, வீரர்கள் போகப் போக அவர்களைச் சுற்றியுள்ள கட்டங்கள் வெளிச்சத்துக்கு வரும். 512க்கு 512 கட்டங்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,62,144. கட்டத்துக்கு ஒரு பிட் (0 அல்லது 1) போதும் என்பதால் எல்லாவற்றையும் 32 கிலோபைட்டில் அடக்கிவிடலாம்.

கணினி உண்மையிலேயே திணறுவது மேப்பில் அல்ல, உச்சியிலிருந்து தெரியும் காட்சியில்தான். தெருவில் நிற்கும்போது எதிர்வீட்டுச் சுவர் பாதி ஊரை மறைத்துவிடும். மறைந்ததை வரைய வேண்டியதில்லை. மேலே போனால் அந்தச் சலுகை போய்விடுகிறது. அதனால் தொலைவிலுள்ள கட்டடங்களுக்குப் பதிலாக ஜன்னல், வளைவு எல்லாம் வெறும் படமாக ஒட்டப்பட்ட எளிய பெட்டிகளை நிறுத்துவார்கள். லேசான மூடுபனி மிச்சத்தை மறைத்துவிடும்.

சரி, நிஜத்தில் ஏறினால் எவ்வளவு தெரியும்? 2009இல் வந்த அசாசின்ஸ் கிரீட் 2இல் ஏறக்கூடிய ஃபுளோரன்ஸின் ஜியோட்டோ மணிக்கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் ஏறக்குறைய 85 மீட்டர். உயரத்தை மீட்டரில் எழுதி, வர்க்கமூலம் எடுத்து, 3.57ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று கிடைக்கும். தரையில் நிற்பவருக்கு 5 கிலோமீட்டர்கூட வராது. கோபுரத்தின் மேல் 33.

ஆனால் ஊருக்குள் கதையே வேறு. 4 மீட்டர் அகலச் சந்து, இருபுறமும் 12 மீட்டர் உயர வீடுகள், சந்து நம் பார்வைக்குக் குறுக்கே ஓடுகிறது என்று வையுங்கள். முன்வரிசை வீட்டுக் கூரையைத் தாண்டி சந்தின் தரையைப் பார்க்க, பார்வை 4 மீட்டருக்கு 12 மீட்டர் என்ற சரிவில் இறங்க வேண்டும். 85 மீட்டர் உயரத்திலிருந்து அப்படி இறங்கும் பார்வை, கோபுரத்திலிருந்து சுமார் 28 மீட்டர் தூரத்திலேயே தரையைத் தொட்டுவிடும். அதற்கு அப்பாலுள்ள குறுக்குச் சந்துகளில் தெரிவது வெறும் கூரைகள். கேம் கொடுக்கும் மேப்பிலோ ஒரு சந்துகூட விடுபடாது!

வரைபடம் போட்டவர்கள் நிஜமாகவே கோபுரம் ஏறியவர்கள்தான். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கட்டடக்கலைஞர் ஆல்பெர்ட்டி, ரோமின் காபிடோல் குன்றை நடுப்புள்ளியாக வைத்து, நகரின் முக்கியக் கட்டடங்கள் எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று எண்களாகவே எழுதிவைத்தார். ஆனால் ஓர் இடத்தில் நின்று பார்த்தால் திசைதான் கிடைக்கும், தூரம் கிடைக்காது. இரண்டாவது கோபுரத்திலிருந்தும் அதே பொருளைப் பார்த்து, இரு கோடுகளும் வெட்டும் புள்ளியைக் குறிக்க வேண்டும். 1533இல் கணிதவியலாளர் கெம்மா ஃப்ரிசியஸ் விளக்கிய முக்கோண முறை இதுதான். 1615 முதல் இன்னொரு கணிதவியலாளர் ஸ்நெல்லியஸ் நெதர்லாந்தின் தேவாலயக் கோபுரங்களுக்கு இடையே இப்படியே முக்கோணங்களைக் கோத்துப் போய், பூமியின் சுற்றளவை 3.5 சதவீத அளவு பிழையோடு கணக்கிட்டுவிட்டார். ஆக ஒரு கோபுரம், ஒரு பட்டன், ஒரு வட்டாரம் என்பது அழகான பொய்.

ஆனாலும் அந்தப் பொய்யை மூளை மறுப்பதில்லை. எலிகள் வழியை மட்டும் மனப்பாடம் செய்வதில்லை, இடத்தின் அமைப்பையே மனதில் வரைந்துகொள்கின்றன என்று உளவியலாளர் டோல்மன் 1948இல் வாதிட்டார். குறிப்பிட்ட இடத்துக்குப் போனால் மட்டும் துடிக்கும் மூளைச் செல்களை நரம்பியல் ஆய்வாளர் ஓ'கீஃப் 1971இல் எலிகளிடம் கண்டறிந்தார். 2014இல் அதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தெருவில் நடக்கும்போது 'இங்கே இடது, அங்கே வலது' என்று வழி பழகுகிறோம். உயரத்திலிருந்து பார்த்தால் எது எதற்குப் பக்கம் என்ற ஒட்டுமொத்த அமைப்பு ஒரே நேரத்தில் பிடிபடுகிறது.

இன்னொன்றும் உண்டு: கோபுரத்திலிருந்து தெரியும் இடத்திலிருந்து கோபுரமும் தெரியும். ஏறி இறங்கிய பிறகு அதுவே திசைகாட்டி. பிரெஞ்சுப் புரட்சிக்காலப் பாரிஸைக் காட்டும் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி கேமில், நோத்ர்-தாம் தேவாலயத்தின் மேல் 1859இல் கட்டி முடிக்கப்பட்ட ஊசிக்கோபுரம் நிற்கிறது. வரலாற்றுப்படி பிழைதான். ஆனால் தூரத்திலிருந்து பார்த்ததுமே அது எந்த இடம் என்று தெரிந்துவிடுகிறது.

என் குறை வேறு. உச்சியிலிருந்து ஊரை ஆசையாகப் பார்த்து முடிப்பதற்குள் மேப் முழுக்க ஐகான்கள் கொட்டிவிடும். அதன்பின் கண் நகரத்தை விட்டுவிட்டு திரை மூலையிலிருக்கும் மினிமேப் என்ற குட்டி வரைபடத்தையே மேயும். 2017இல் எகிப்தை வைத்து வந்த அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ் மினிமேப்பையே தூக்கிவிட்டது. அதில் உச்சிகளில் ஏறினால் சேனு என்ற கழுகின் பார்வை கூர்மையாகும். எதையும் தேட வேண்டுமானால் கழுகைப் பறக்கவிட்டு நாமேதான் தேட வேண்டும்.