ஹெட்செட்டுக்குள் ஒரு தராசு

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர். ஐயாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கொடுத்து ஒரு ப்ளூடூத் ஹெட்செட் வாங்கியிருக்கிறார். "பாட்டு கேட்டால் அட்டகாசமாக இருக்கிறது. ஆபீஸ் மீட்டிங்கில் சேர்ந்த அடுத்த நொடி, எல்லாரும் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. என் குரலும் அப்படித்தான் கேட்கிறதாம். கடைக்குக் கொண்டுபோனால், அங்கேயே ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, 'பீஸ் நல்லாத்தான்மா இருக்கு' என்று அனுப்பிவிட்டார்கள். யார் சொல்வது சரி?"

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஹெட்செட்டில் கோளாறு இல்லை. குடத்துக்குள்ளிருந்து கேட்பதும் பிரமை இல்லை. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கணினியில் ஒரு பாட்டை ஓடவிட்டு, அது ஓடும்போதே மீட்டிங் செயலியைத் திறந்து ஹெட்செட்டின் மைக்கை எடுத்துக்கொள்ள விடுங்கள். நொடிக்கும் குறைவாக ஓர் இடைவெளி. அப்புறம் அதே பாட்டு, ஆனால் ஜால்ரா காணோம், மிருதங்கத்தின் அடித்தொனி காணோம், இடது வலது என்ற பிரிவும் போய்விட்டது. மண்டபத்துக்குள் உட்கார்ந்து கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, போனில் கேட்டுக்கொள் என்று சொன்ன மாதிரி இருக்கும்.

நடந்தது இதுதான். ப்ளூடூத்தில் ஒலியை அனுப்பப் பல காலமாக இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று பாட்டுக்கு, அதன் பெயர் ஏ2டிபி. இன்னொன்று பேச்சுக்கு, எச்எஃப்பி. (ப்ளூடூத் என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் டென்மார்க் ராஜாவின் கதையை விட்டுவிடுகிறேன். அதை எழுதாதவர்கள் இல்லை.) பாட்டு ஏற்பாட்டில் ஒலி ஒரே திசையில்தான் போகும், கணினியிலிருந்து காதுக்கு. நொடிக்கு முந்நூறாயிரம் பிட் அளவுக்குத் தாராளமாக அனுப்பலாம். ஹெட்செட் அதில் கொஞ்சத்தை முன்கூட்டியே வாங்கிச் சேமித்துவைத்துக்கொண்டு, ஒரு நூறு இருநூறு மில்லி விநாடி தாமதமாக நமக்குப் பரிமாறுகிறது. வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால், "அது வரவில்லை, மறுபடி அனுப்பு" என்று கேட்டு வாங்கிக்கொள்ள நேரம் இருக்கிறது.

பேச்சுக்கு அந்தச் சொகுசு கிடையாது. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. அதைத் தாண்டத் தாண்ட, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, "நீங்க சொல்லுங்க", "இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க" என்று ஒருவர் வாயை ஒருவர் அடைத்துக்கொண்டிருப்போம். அந்த 150இல் பெரும்பகுதியை இணையமே தின்றுவிடும். மிச்சத்தில் ஹெட்செட்டும் உட்கார்ந்து இருநூறைச் சேமிக்க ஆரம்பித்தால் உருப்பட்ட மாதிரிதான்.

அதனால் பேச்சுக்கு ப்ளூடூத் ஒரு ரிசர்வேஷன் முறை வைத்தது. நேரத்தை 625 மைக்ரோ விநாடித் துண்டுகளாக நறுக்குகிறார்கள்; நொடிக்கு 1,600 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இருக்கும் 79 அலைவரிசைகளில் வேறொன்றுக்குத் தாவிவிடுகிறார்கள். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில் சத்தம் போடுவதால் ஓரிடத்தில் நிற்பது புத்திசாலித்தனம் இல்லை. இந்தத் துண்டுகளில் ஆறுக்கு இரண்டு பேச்சுக்கென்று ஒதுக்கப்பட்டவை; ஒன்று போக, ஒன்று வர. ஒவ்வொன்றிலும் 30 பைட், அதாவது 240 பிட். அது போய்ச் சேர்ந்தால் சேர்ந்தது, இல்லாவிட்டால் விட்ட பஸ் விட்டதுதான். மறுபடி கேட்பதற்கே இடமில்லை. 2003இல் வந்த திருத்தத்தில்தான் ஓரிரு முறை மறுபடி அனுப்ப வழி செய்தார்கள்.

கணக்குப் போட்டால் 3.75 மில்லி விநாடிக்கு ஒரு முறை 240 பிட். நொடிக்கு 64,000 பிட். இரண்டு பக்கமும் இவ்வளவுதான்.

இந்த 64,000 பிட்டை வைத்து ஒரு மனிதக் குரலை எப்படி அனுப்புவது? பழைய டிஜிட்டல் தொலைபேசி வழி எல்லாருக்கும் தெரிந்தது: நொடிக்கு 8,000 முறை ஒலியின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக எழுதி அனுப்பு. எட்டாயிரம் எட்டு அறுபத்து நாலாயிரம். சரியாகப் பொருந்துகிறது. ப்ளூடூத்தில் அந்த வழியும் உண்டு. ஆனால் எல்லா ஹெட்செட்டும் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் விதித்தது வேறொன்றை: சிவிஎஸ்டி. எனக்கு மின்னணுவியலில் மிகவும் பிடித்த நாலைந்து சங்கதிகளில் இது ஒன்று. ஒலியை அது நொடிக்கு 64,000 முறை பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் அனுப்புவது ஒரே ஒரு பிட். ஒரு பிட்டில் எந்த உயரத்தைச் சொல்ல முடியும்? ஒன்றையும் சொல்ல முடியாது. "மேலே", "கீழே" என்று மட்டும் சொல்லலாம்.

பழைய மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் சர்க்கரை. தராசு முள் எத்தனை கிராம் குறைகிறது என்று சொல்லாது. கல் பக்கம் சாய்கிறதா, சர்க்கரைப் பக்கம் சாய்கிறதா, அவ்வளவுதான். ஒரு பிட். கடைக்காரர் அதை வைத்தே வேலையை முடித்துவிடுவார். முதலில் அள்ளி அள்ளிப் போடுவார், முள் நெருங்கியதும் கைப்பிடி, அப்புறம் ரெண்டு விரலால் ஒரு சிட்டிகை. கொஞ்சம் கூடிப்போனால் ஒரு சிட்டிகை எடுப்பார்.

நம் குரல்தான் எடைக்கல். ஆனால் அது சும்மா இருக்காது, நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். ஹெட்செட்டில் இருக்கும் கடைக்காரர் அதைத் துரத்திக்கொண்டு போட்டுக்கொண்டும் எடுத்துக்கொண்டும் இருக்கிறார். "போடு, போடு, போடு, எடு, போடு, எடு." கணினியில் இன்னொரு கடைக்காரர். அவரிடம் எடைக்கல்லும் இல்லை, முள்ளும் இல்லை, வெறும் தட்டு. இங்கிருந்து போகும் "போடு", "எடு" என்ற குரல் மட்டும் அவர் காதில் விழும். அதைக் கேட்டு அவரும் போடுகிறார், எடுக்கிறார். அவர் தட்டில் ஏறி இறங்கும் சர்க்கரைதான் எதிர்முனையில் கேட்கும் உங்கள் குரல்.

சரி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு போடுவது? எப்போதும் சிட்டிகை என்றால், குரல் திடீரென்று உயரும்போது எட்டிப் பிடிக்க முடியாது. எப்போதும் பெரிய அள்ளு என்றால், மெல்லப் பேசும்போது தட்டு மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருக்கும். இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. அளவை யாரும் அனுப்புவதே இல்லை. கடைசி நான்கு பிட்டும் ஒரே மாதிரி இருந்தால், அதாவது "போடு, போடு, போடு, போடு" அல்லது நான்கு "எடு" வந்தால், நாம் பின்தங்கிவிட்டோம் என்று பொருள். உடனே அள்ளும் அளவைக் கூட்டு. அப்படி வராவிட்டால் அளவை ஆயிரத்து இருபத்து நான்கில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டே வா. இரண்டு கடைக்காரர்களும் ஒரே பிட்களைக் கேட்கிறார்கள், ஒரே விதியைப் பின்பற்றுகிறார்கள். அதனால் பேசிவைத்துக்கொள்ளாமலே இரண்டு பேர் கையும் ஒரே அளவுக்கு விரிகிறது, ஒரே அளவுக்குச் சுருங்குகிறது. ஒலியின் உயரத்தை முப்பத்திரண்டாயிரம் வரை எண்ணும் 16 பிட் அளவுகோலில் சிட்டிகையின் அளவு 10. மிகப் பெரிய அள்ளு 1,280. ப்ளூடூத் விதிமுறையில் இந்த எண்கள் அப்படியே இருக்கின்றன. நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது என்ன போகும் தெரியுமா? போடு, எடு, போடு, எடு. 1 0 1 0 1 0. மௌனத்தின் வடிவம் அது.

இன்னொன்று இருக்கிறது. வழியில் ஒரு பிட் கெட்டு, "எடு" என்றது "போடு" என்று கேட்டுவிட்டால்? பழைய எட்டு பிட் முறையில், கெட்டது உயரத்தைத் தீர்மானிக்கும் பெரிய பிட்டாக இருந்தால், காதில் படார் என்று ஒரு வெடி. இங்கே பெரிய பிட், சின்ன பிட் என்ற பேச்சே இல்லை. எல்லாம் ஒரே சாதி. ஒன்று கெட்டால், எடுக்க வேண்டிய இடத்தில் போட்டதால் தட்டில் இரண்டு அள்ளு கூடும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூடுதல் தட்டிலேயே கிடந்தால், இரண்டு தட்டும் இனி எப்போதுமே ஒத்துப்போகாதே? அதற்காகத் தட்டில் வேண்டுமென்றே ஓர் ஓட்டை போட்டுவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தட்டில் இருப்பதில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு தானாக ஒழுகிப் போய்விடும், இரண்டு கடைகளிலும். சரியான சர்க்கரை திரும்பத் திரும்ப நிரப்பப்படும். தவறாக விழுந்தது ஒழுகியே காணாமல் போகும். அரை மில்லி விநாடிக்குள் பிழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. ஓட்டைத் தட்டு வைத்திருக்கும் கடைக்காரரை ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். இங்கே அந்த ஓட்டைதான் கணக்கை நேராக வைக்கிறது. இரைச்சலான வானொலியில் பேச வேண்டிய ராணுவங்கள் இதை முன்பே பயன்படுத்தியது இதனால்தான். நூறில் ஓரிரண்டு பிட் கெட்டாலும் பேசுவது புரியும்.

ஆனால் விலை உண்டு. இந்த ஏற்பாட்டுக்குள் நுழையும் குரல், 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைக் கழித்த குரல். "எஸ்", "எஃப்" இரண்டையும் வேறுபடுத்தும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. போனில் பெயர் சொல்லும்போது "எஃப் ஃபார் ஃபாதர்" என்று பாடம் நடத்த வேண்டி வருவது அதனால்தான். அந்த வாசகியின் குடம் இதுதான்: மேல் பக்கம் வெட்டுப்பட்ட, ஒற்றைக் காதுக்கான, தராசு துரத்திப் பிடித்த ஒலி.

பிறகு நிலைமை கொஞ்சம் தேறியது. 2011இல் எம்எஸ்பிசி என்ற முறை வந்தது; பழைய தொலைபேசியின் 8,000க்குப் பதில் நொடிக்கு 16,000 முறை ஒலியின் உயரத்தை அளக்கும், ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலமான குரல். அது இரண்டு முனைக்கும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தராசுதான். தெரிந்திருந்தாலும் பாட்டின் தரத்துக்கு அது வராது. 2020இல் அறிவித்த எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் ஒலி ஏற்பாடும் அதன் எல்சி3 முறையும்தான் பாட்டு, பேச்சு என்ற இந்தப் பாகப்பிரிவினைக்கே முடிவு கட்டக்கூடியவை. உங்கள் கணினியும் ஹெட்செட்டும் இரண்டுமே அதைப் பேச வேண்டும் என்பதுதான் சிக்கல்.

வரிசையாக நூறு பேர் உட்கார்ந்து பேசும் கால் சென்டர்களில் பலர் ப்ளூடூத் பக்கமே போவதில்லை. அங்கே டெக்ட் ஹெட்செட். ஐரோப்பாவில் 1,880 முதல் 1,900 மெகாஹெர்ட்ஸ் வரை, வைஃபை கூட்டத்தை விட்டுத் தள்ளி இயங்கும் பழைய கார்ட்லெஸ் போன் தொழில்நுட்பம். வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் கொஞ்ச தூரம் நடமாட என்று ஐரோப்பியர்கள் வகுத்தது. இதைப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1990களில் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, மைடாஸ் என்ற சென்னை நிறுவனத்தோடு சேர்ந்து, இதே டெக்டை எடுத்துப் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்துக்குத் தொலைபேசியும் இணையமும் கொடுக்கும் கார்டெக்ட் ஆக மாற்றியது. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இணைய மையங்கள் அதை வைத்து ஓடின. செல்போன் வந்து அதை ஓரம்கட்டியது வேறு விஷயம். அடுத்தவர் வகுத்த தரத்தைப் பிரித்துப் பார்த்து நம் தேவைக்கு மாற்றும் வேலைக்குக் காசு கொடுக்க நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்று புரியவில்லை. கடிகாரத்தில் ஏஐ என்று எழுதி ஒட்டினால் மட்டும் கொடுக்கிறோம்.

ஒட்டுவது என்றதும் இன்னொன்று. ஹெட்செட்டின் மேல் ஒட்டிக்கொள்ளக் "கதிர்வீச்சுத் தடுப்பு" ஸ்டிக்கர் விற்கிறார்கள். சாதாரண ப்ளூடூத் ஹெட்செட் வெளிவிடுவது அதிகபட்சம் இரண்டரை மில்லி வாட். காதில் வைத்துப் பேசும் செல்போன் அதைப்போல் பல மடங்கு போகலாம். ஸ்டிக்கர் நிஜமாகவே அலையைத் தடுத்தால் ஹெட்செட் வேலையே செய்யாது. வேலை செய்கிறது என்றால் தடுக்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

வாசகிக்கு ஒரு வழி சொன்னேன். மீட்டிங் செயலியின் அமைப்பில், ஒலி வர ஹெட்செட்டையும், மைக்குக்கு மடிக்கணினியின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட்டின் மைக்கை யாரும் கேட்காவிட்டால் அது பேச்சு ஏற்பாட்டுக்கு இறங்காது. பாட்டுத் தரத்திலேயே இருக்கும்.

மறுநாளே பதில் வந்தது. எல்லார் குரலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்கிறதாம். ஆனால் மடிக்கணினி மைக் வீடு முழுவதையும் கேட்கிறது. பதினொரு மணி மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்த மேனேஜர் பாதியில் நிறுத்திவிட்டு, "மூணு விசில் வந்தாச்சு, போய் அடுப்பை அணைச்சிட்டு வாங்க" என்றாராம்.