கிளெப்டோபாரசைட்: ஒட்டாத உண்ணிக்கு தமிழ்ல என்ன பேரு?

எங்க புளோக்குக்குக் கீழ இருக்கற சமூகத் தோட்டத்துக்கு இருட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போனா, துளசிப் பக்கத்துல காய்ஞ்ச குச்சியில கருப்பு உடம்புல பளீர்னு நீலப்புள்ளி வச்ச தேனீங்க தூங்கறதப் பாக்கலாம், கால்ல புடிச்சுக்கிட்டு இல்ல, வாயால குச்சியக் கவ்விக்கிட்டு, காலெல்லாம் மடக்கி வச்சுக்கிட்டு அப்படியே தொங்கும். போன வாரம் ஒரே குச்சியில மூணு இருந்துச்சு, ரெண்டு பெரிசு, ஒண்ணு மட்டும் நல்லா சின்னது. என்கூட செடிக்குத் தண்ணி ஊத்தற அக்கா பாத்துட்டு "தம்பி, குட்டி போட்டிருக்கு போல"ன்னாங்க. குட்டி இல்லக்கா, றெக்கை முளைச்சு வெளிய வந்த தேனீ அதுக்கப்புறம் வளரவே வளராதுன்னேன். அப்ப ஏன் சின்னதுன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தச் சொல்லுல வந்து மாட்டினேன்.

இந்தத் தேனீ கிளெப்டோபாரசைட், அதாவது அடுத்த தேனீ தன் புள்ளைக்குச் சேத்து வச்ச சாப்பாட்டத் திருடித் தின்னு வளர்றது. அந்தப் பேரு ரெண்டு கிரேக்கச் சொல் சேர்ந்தது. கிளெப்டெயின்னா திருடறது. பாரசைட்டோஸ்ல பாரான்னா பக்கத்துல, சீட்டோஸ்னா தானியம், சாப்பாடு. அதாவது அடுத்தவன் இலையில பக்கத்துல உக்காந்து சாப்பிடறவன். முதல்ல கோயில் படையல் விருந்துல கூட உக்காந்து சாப்பிடறவருக்கு இருந்த மரியாதையான பேரு அது, அப்புறம் பெரிய மனுஷங்க வீட்டுல புகழ்ந்து பேசியே ஓசிச்சோறு சாப்பிடறவனுக்கு ஆகி, ரொம்பக் காலம் கழிச்சுத்தான் உயிரியலுக்கு வந்துச்சு. ஆரம்பத்துலேந்தே சொல்லோட உயிர் சாப்பாட்டுலதான் இருக்கு, ஒட்டிக்கறதுல இல்ல.

தமிழ்ல பாரசைட்டுக்கு ஒட்டுண்ணின்னு வச்சோம். பேனு, நாய் உண்ணி, குடல்புழுவுக்கெல்லாம் ரொம்பப் பொருத்தம், ஒட்டி உண்ணுது. மரக்கிளையில ஒட்டி அதோட சத்த உறிஞ்சி வளர்ற செடிக்குப் புல்லுருவின்னு அழகான பழைய சொல்லே இருக்கு. ஆனா இந்தத் தேனீ எதுலயும் ஒட்டல. நம்ம தோட்டத்துல கத்திரிப்பூவுல உர்ர்னு அதிர வச்சு மகரந்தம் உதுக்கும் பாருங்க, நீலப்பட்டை போட்ட தேனீ, அது மண்ணுல குழி தோண்டி, அறை கட்டி, மகரந்தமும் தேனும் பிசைஞ்சு வச்சு முட்டையிடும். நீலப்புள்ளிக்காரி அது இல்லாத நேரமாப் பாத்து உள்ள பூந்து தன் முட்டைய வச்சுட்டு வந்துடும். அதுலேந்து வர்ற புழு வீட்டுக்காரப் புள்ளையக் கொன்னுட்டு அந்தச் சாப்பாடு முழுக்கத் தின்னும். தாய்த்தேனீயத் தொடறது கூட இல்ல. அதனால ஒட்டுண்ணித் தேனீன்னு எழுதினா படிக்கறவங்க தேனீ உடம்புல ஒட்டியிருக்கற பேன் மாதிரி ஏதோன்னுதான் நினைப்பாங்க, நான் கேட்டுப் பாத்த ரெண்டு பேரும் அப்படித்தான் நினைச்சாங்க.

இப்ப அக்கா கேட்டதுக்கு வர்றேன். தேனீயோட சைஸ் புழுவா இருக்கும்போது எவ்ளோ தின்னுச்சோ அதுலயே பெரும்பாலும் முடிவாயிடும். சொந்தமா கூடு கட்டற தாய் அளந்து வைக்குது, உதாரணத்துக்கு இலைவெட்டித் தேனீக்கள் பலதுல பொண்ணு பெரிசு, அதனால பொண்ணு முட்டைக்குக் கூடவும் ஆணுக்குக் கம்மியாவும் வைக்கும். திருட வர்ற தாய்க்கு அந்த அளவு கையில இல்ல, அடுத்தவ அளந்து வச்சதுதான் அது புள்ளைக்கு. நிறைஞ்ச அறை கெடச்சா புள்ள பெரிசு, அரைகுறை அறைன்னா சின்னது. அதுலயும் ஒரே திருட்டு இனம் ரெண்டு மூணு வகைத் தேனீ வீட்டுல முட்டை வைக்கறதா இருந்தா சைஸ் வித்தியாசம் இன்னும் கூடும். மத்திய, தென் அமெரிக்க வெப்பமண்டலக் காட்டுல எக்ஸெரீட்டின்னு பச்சை உலோகம் மாதிரி மின்னற தேனீங்க இருக்கு, ஆர்க்கிட் தேனீக் குடும்பம், யூலீமா, யூஃப்ரீசியான்னு ரெண்டு சொந்தக்கார வகைங்க கூட்டுலதான் திருடும். ஒரு தேனீய அளந்தாலே அது வளர்ந்த வீட்டுச் சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு ஒரு துப்பு கெடைக்குது.

அதனாலதான் எனக்கு ஒட்டுண்ணியில ஒட்டு வேண்டாம், உண்ணி கண்டிப்பா வேணும்னு தோணுது. களவுண்ணி. களவாடி உண்ணுறது. ஊனுண்ணி, அனைத்துண்ணி வரிசையில தானா உக்காருது, கிரேக்கச் சொல்லுல இருக்கற திருட்டு, சோறு ரெண்டும் வந்துடுது. கள்ளத் தேனீன்னு போடலாமேன்னா, கள்ளநோட்டு மாதிரி போலித் தேனீன்னு அர்த்தம் போயிடும். கொள்ளைத் தேனீயும் சரியா வராது, களவு மறைவா நடக்கறது, கொள்ளை கூட்டமா வந்து வெளிப்படையா அடிக்கறது. அந்தப் பேர லெஸ்ட்ரிமெலிட்டாவுக்கு வைங்க, அமெரிக்க வெப்பமண்டலத்துக் கொடுக்கில்லாத் தேனீ, பெரிய படையா வந்து அடுத்த கூட்டச் சூறையாடும், அதோட பேருக்கே கொள்ளைக்காரத் தேனீன்னுதான் கிரேக்கத்துல அர்த்தம்.

பேச்சுல சொல்லறதுக்குக் குயில் தேனீ போதும். இங்க விடியறதுக்கு முன்னாடியே புளோக்குக்கு மேல கத்தி எழுப்பற குயில யாருக்குத் தெரியாது, காக்கா கூட்டுல முட்டையிடறதும் சின்னப் புள்ளையிலேந்து கேட்ட கதை. சமஸ்கிருதத்துல குயிலுக்குப் பரப்ருதன்னே பேரு, அடுத்தவரால வளர்க்கப்பட்டதுன்னு அர்த்தம். ஆனா ஒண்ணு, குயில் குஞ்சுக்குக் காக்கா திரும்பத் திரும்ப ஊட்டும், தேனீப் புழுவுக்கு வச்சது வச்சதுதான், மூடின அறைக்குள்ள யாரும் வந்து ஊட்டப் போறதில்ல. அதனால கட்டுரையில களவுண்ணின்னே எழுதுங்க, மொத தடவை குயில் தேனீன்னு கூடச் சேத்துச் சொல்லுங்க.

அக்காகிட்ட குயில் தேனீன்னதும் டக்குனு புரிஞ்சுடுச்சு. குச்சியில தொங்கின அந்தச் சின்னதையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அப்ப இதுக்கு வாச்ச வீட்டுல சோறு பத்தல, அதானே தம்பி"ன்னாங்க.